காதோரக் கட்டியும் இரண்டு ரிப்போர்ட்டுகளும்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். வலது காதுமடலுக்குக் கீழே பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லாததால் கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டோம். சித்திரைக்குப் பிறகு அது மளமளவென்று வளர்ந்தது. ஆடி மாதம் வலது கண் சரியாக மூடவில்லை. வாய் இடப்பக்கம் கோணியது. முகவாதம் என்று சொல்லி மாத்திரையும் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். ஆறு வாரம் ஆகியும் மாற்றமில்லை. பிறகு வேறொரு மருத்துவர் ஊசி வைத்துச் சோதித்ததில் ‘மிலன் வகை 6’ என்று வந்தது. ஆறாவது ஸ்டேஜ் என்று நினைத்து அம்மா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்து எடுத்த பயாப்ஸியில் ஒரு பரிசோதனைக்கூடம் ‘உயர்தர மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா’ என்கிறது. அதே ஸ்லைடுகளைப் பார்த்த இன்னோர் இடத்தில் ‘சலைவரி டக்ட் கார்சினோமாவாக இருக்கலாம், மேற்கொண்டு சாயச் சோதனைகள் தேவை’ என்கிறார்கள். யாரை நம்புவது? ஊசி குத்தியதால்தான் பரவிவிட்டது என்று மாமா சண்டை போடுகிறார். சோதனைகளுக்காகக் காத்திருந்தால் நோய் முற்றிவிடாதா? அப்பா நெடுங்காலமாக வெற்றிலை, புகையிலை போடுகிறவர். அதனால் வந்ததா? எங்களுக்கும் வருமா? அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: அப்பாவின் வலது கண். இமை முழுவதும் மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும், பார்வையே போகலாம். உங்கள் கடிதத்தில் மாத்திரை வருகிறது, பிசியோதெரபி வருகிறது, கண்ணுக்கு என்ன செய்தார்கள் என்பது வரவில்லை. பகலில் மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு, தூங்கும்போது இமையை மூடி மேலே மெல்லிய ஒட்டுநாடா, இதுதான் வழக்கம். நாளையே ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார், மருத்துவர் எல்லோருடைய கவனமும் கட்டிக்குப் போய்விடுகிறது. கண் அநாதையாகிவிடுகிறது.

அடுத்து அம்மாவை எழுப்பி உட்கார வையுங்கள். மிலன் வகை 6 என்பது ஆறாவது ஸ்டேஜ் இல்லை. புற்றுநோய்க்கு ஆறாவது ஸ்டேஜ் என்று ஒன்றே கிடையாது, நான்கோடு முடிகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஊசி வைத்து எடுத்த செல்களைப் பார்த்து, திசுவைச் சோதித்து நோயின் பெயர் சொல்லும் என்னைப்போன்ற நோய்க்குறியியல் மருத்துவர்கள் ஆளுக்கொரு விதமாக ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தோம். அதை ஒழுங்குபடுத்த 2018-இல் வந்த அறிக்கை முறைக்குத்தான் மிலன் என்று பெயர். முதல் வகை என்றால் போதிய செல்கள் வரவில்லை. இரண்டு, அழற்சி போன்றது, கட்டியே இல்லை. மூன்று, தெளிவில்லை. நான்கில் இரண்டு பிரிவு: தீங்கற்ற கட்டி ஒன்று, கட்டிதான் ஆனால் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாதது மற்றொன்று. ஐந்து, புற்றுநோய்ச் சந்தேகம். ஆறு, புற்றுநோய். செல்களின் தன்மையைச் சொல்வதோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த விளக்கத்தை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாக அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் ஓர் இரவாவது தூங்கும். நாங்கள் செய்வதில்லை.

ஸ்டேஜ் பற்றி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். முக நரம்பை நோய் பிடித்திருந்தால், கட்டியின் அளவு எதுவானாலும், விதிப்படி அது நான்காம் நிலையின் முதல் பிரிவில் வரும். அந்தப் பிரிவு அறுவை சிகிச்சைக்கு உட்பட்டது. உடலெங்கும் பரவிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ‘நாலாவது ஸ்டேஜ்’ என்று எங்காவது காதில் விழுந்தால் பதறாமல், நாலில் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

இனி மாமாவின் சண்டை. தேதிகளை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். சித்திரைக்குப் பிறகு கட்டி வளர்ந்தது. ஆடியில் வாய் கோணியது. அதற்கும் ஆறு வாரம் கழித்துத்தான் ஊசி வைத்தார்கள். ஊசி குத்துவதற்கு முன்பே நோய் நரம்பில் உட்கார்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு நாங்கள் பயன்படுத்துவது சாதாரணமாக ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. அதன் தடத்தில் செல்கள் இறங்கி வளர்வது மிக மிக அரிது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சற்றுப் பருமனான ஊசியால் எடுக்கும் பயாப்ஸியும் பாதுகாப்பானதே.

உண்மையில் பயப்பட வேண்டியது கத்தி வைத்து அரைகுறையாகத் திறப்பதற்கு. காதோரக் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி, மரத்துப்போக ஊசி போட்டு, மேல்தோலைக் கீறிக் கட்டியை மட்டும் நோண்டி எடுத்து அனுப்புவது இன்றும் நடக்கிறது. தீங்கற்ற கட்டியாக இருந்தால்கூட அதன் உறை கிழிந்து உள்ளிருப்பது சிந்தினால் சில ஆண்டுகளில் ஒன்றுக்குப் பத்தாகச் சிறு சிறு முடிச்சுகள் முளைக்கும். அவற்றை எடுக்கப் போகிற அறுவை மருத்துவர் படும் பாடு கொஞ்சமல்ல. புற்றுநோயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை. மாமாவிடம் அதையும் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வந்திருப்பது என்ன? காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டி. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குகிற அதே சுரப்பிதான். முகத்தை அசைக்கும் நரம்பு மண்டையோட்டிலிருந்து வெளியே வந்ததும் இந்தச் சுரப்பிக்குள் நுழைந்து, உள்ளேயே கிளை பிரிந்து, நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று போகிறது. இங்கே வரும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு தீங்கற்றவை. அவற்றில் முதலிடம் ப்ளியோமார்ஃபிக் அடினோமாவுக்கு. வலியில்லாமல், உருட்டினால் நகர்ந்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் பத்து ஆண்டு இருந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எலுமிச்சை அளவு பெருத்தாலும் இது நரம்பைத் தள்ளிவைக்குமே தவிர முடக்காது. ஆகவே காதோரத்தில் கட்டி, அதே பக்கம் முகம் கோணல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால், வேறு என்று நிரூபணமாகும்வரை புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முகவாதம் என்று மருத்துவம் பார்த்தவரை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். வாய் கோணி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முகவாதம்தான். ஆனால் அது வரும் விதம் வேறு. இரவு படுக்கும்போது நன்றாக இருந்தவர் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒழுகக் கண்டு திடுக்கிடுவார். மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு சில வாரங்களில் மெல்ல மீளத் தொடங்கும். வாரக்கணக்கில் படிப்படியாகக் கூடுவது, கண் மட்டும் அல்லது உதடு மட்டும் முதலில் பாதிக்கப்படுவது, தசை துடிப்பது, மாதங்கள் போயும் துளிகூட மீளாதது, ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வருவது ஆகியவை வேறு கதை சொல்கின்றன. காதுமடலைச் சற்றே தூக்கி, தாடை எலும்பின் கோணத்துக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்து அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். வாயைத் திறக்கச் சொல்லி டான்சில் ஒரு பக்கம் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பதும் சேர்த்தி. சுரப்பியின் ஆழமான பகுதியில் வளரும் கட்டி வெளியே தெரியாமல் அங்கேதான் முட்டும்.

ப்ளியோமார்ஃபிக் அடினோமா ஆண்டுகள் ஆக ஆகப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அப்படி மாறியதைப் ப்ளியோமார்ஃபிக் அடினோமாவிலிருந்து எழுந்த கார்சினோமா என்கிறோம். நெடுநாள் தூங்கிய கட்டி திடீரென்று விழித்துக்கொள்வது அதன் அடையாளம். ஆனால் அந்தப் பெயரோடு நிறுத்தினால் பாதி ரிப்போர்ட்தான். உள்ளே எழுந்திருப்பது எந்தவகைப் புற்றுநோய் என்பது மீதிப் பாதி. அடிக்கடி அது சலைவரி டக்ட் கார்சினோமாவாக, அதாவது உமிழ்நீர்க் குழாய் வகைப் புற்றுநோயாக இருக்கும். இரண்டாவது பரிசோதனைக்கூடம் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு வியப்பாக இல்லை: அறுபது கடந்த ஆண், பரோட்டிட் சுரப்பி, வேகமான வளர்ச்சி, முக நரம்பு பாதிப்பு. எல்லாம் அதன் பாடப்புத்தக வருணனை.

பிறகு ஏன் முதல் இடத்தில் உயர்தர, அதாவது வீரியம் மிகுந்த, மியூகோஎபிடெர்மாய்டு என்று வேறு பெயர்? அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டாது. அந்தச் சிறு கூட்டத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இருபதுக்கும் மேற்பட்ட வகைகளை வைத்திருக்கிறது. ஒரு மாவட்டத் தலைநகரில் வேலை பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் சில வகைகளைத் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருப்பார். கையில் இருப்பதோ ஊசிப் பயாப்ஸியில் வந்த, நூல் தடிமனில் இரண்டு மூன்று துணுக்குகள். வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயத்தில் வீரியம் மிக்க புற்றுநோய்கள் பலவும் ஒரே முகமாகத் தெரியும்: பெரிய உட்கரு, ஒழுங்கற்ற பிளவு, செத்த செல்கள். முகத்தோலிலும் தலைத்தோலிலும் வந்த புற்றுநோய் பரோட்டிட்டுக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் பரவி வந்திருந்தாலும் இதே தோற்றம் வரலாம். எனவே அப்பாவுக்கு முன்பு எப்போதாவது முகத்தில், காதில், தலையில் மரு, புண் எதையாவது அகற்றியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உச்சந்தலையையும் ஒருமுறை முடியை விலக்கிப் பாருங்கள்.

சலைவரி டக்ட் கார்சினோமாவை 1968-இல் ஜெர்மனியில் கிளைன்சாஸர் என்பவரும் சகாக்களும் தனி நோயாக விவரித்தார்கள். மைக்ராஸ்கோப்பில் அது அச்சு அசலாக மார்பகப் புற்றுநோய்போல இருக்கும். வட்ட வட்டமான செல் கூட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் செத்துப்போன செல்களின் சிவந்த குப்பை, சுற்றிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் பருத்த செல்கள். இந்த ஒற்றுமை வெறும் தோற்றத்தில் மட்டும் இல்லை என்பது பின்னால் சாயச் சோதனைகள் வந்தபோது தெரிந்தது.

இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற அந்தச் சாயச் சோதனைகளைத்தான் இரண்டாவது இடத்தில் கேட்கிறார்கள். பயாப்ஸித் துணுக்குகளை மெழுகில் பதித்து வைத்த அதே பிளாக்கிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் அப்பாவை மீண்டும் குத்த வேண்டியதில்லை. அவர் விஷயத்தில் நான் முதலில் கேட்பது ஆண்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம். சலைவரி டக்ட் கார்சினோமாக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் செல்லின் உட்கரு பழுப்பாக மின்னும். உயர்தர மியூகோஎபிடெர்மாய்டில் அப்படி வருவது அரிது. ஆண்ட்ரோஜன் ஏற்பி சுத்தமாக இல்லை என்றால் சலைவரி டக்ட் என்ற பெயரை இன்னொரு தரம் யோசிக்க வேண்டும். கூடவே பி63 அல்லது பி40 என்ற புரதம். இவை மியூகோஎபிடெர்மாய்டில் பரவலாகப் பிடிக்கும், மற்றதில் பொதுவாகப் பிடிக்காது. மூன்றாவது, செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம். பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் தருவோம். மூன்று என்றால் உறுதி, இரண்டு என்றால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்த வேண்டும். சலைவரி டக்ட் கார்சினோமாவில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை ஹெர்2 மிகுந்திருக்கிறது.

வயதானவரின் பரோட்டிட்டில் ‘உயர்தர மியூகோஎபிடெர்மாய்டு’ என்று ரிப்போர்ட் வந்தால், இந்தச் சாயங்கள் போடப்படாத வரை நான் அதை இறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பெயர் தாராளமாகப் புழங்குகிறது. உண்மையில் மியூகோஎபிடெர்மாய்டின் பெரும்பங்கு குறைந்த, நடுத்தர வீரியம் உள்ளது, எம்.ஏ.எம்.எல்.2 என்ற மரபணு இடம் மாறியிருப்பது மியூகோஎபிடெர்மாய்டுதான் என்பதற்குச் சாட்சி. ஆகவே யாரை நம்புவது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு இருவரையும் இல்லை, சாயத்தை. இரண்டாவது இடத்தில் ‘இருக்கலாம்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

பெயர் எதுவானால் என்ன, எடுத்துவிட்டுக் கரண்ட் வைத்தால் போதாதா என்று உறவினர் யாராவது கேட்பார்கள். முதல் சுற்றுக்கு அது ஓரளவு சரிதான். வீரியமான வகை எதுவானாலும் சுரப்பியை அகற்றி, கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, பிறகு கதிர்வீச்சு தருவதே அடித்தளம். வித்தியாசம் அதற்குப் பின்னால் தெரியும். சலைவரி டக்ட் கார்சினோமா திரும்ப வரக்கூடியது. நுரையீரல், எலும்பு, மூளை வரை போகக்கூடியது. உங்களிடம் மறைப்பதில் பயனில்லை. அப்படி வந்தால் ஹெர்2 மிகுந்தவர்களுக்கு ட்ராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து இருக்கிறது. ஜப்பானில் 57 நோயாளிகளுக்கு அதை டோசிடாக்செல் என்ற கீமோதெரபி மருந்துடன் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2019-இல் வெளியானது. ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஆண்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் தடுப்பு மருந்துகளை 36 பேருக்குக் கொடுத்த இன்னொரு ஜப்பானிய ஆய்வில் பத்தில் நான்கு பேருக்குப் பலன் தெரிந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள்தான். அரிய நோயில் ஆயிரம் பேரைச் சேர்த்து ஆய்வு நடத்த முடியாது. ட்ராஸ்டுசுமாபின் நிகர் மருந்துகள் 2014 முதல் இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வருவதால் விலையும் முன்போல எட்டாக் கனியாக இல்லை. ரிப்போர்ட்டில் மியூகோஎபிடெர்மாய்டு என்ற தவறான பெயர் நின்றுவிட்டால், இந்த இரண்டு கதவுகளையும் யாரும் தட்டிப் பார்க்கவே மாட்டார்கள்.

மற்ற வகைகளிலும் இதே கதை. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டுக்குள் நடக்கும். பத்து ஆண்டு கழித்து நுரையீரலில் தலைகாட்டும். அதன் பின்னணியில் மிப், என்.எஃப்.ஐ.பி. என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதை 2009-இல் கண்டுபிடித்தார்கள். அசினிக் செல் கார்சினோமா என்று நெடுங்காலம் எழுதிவந்தவற்றில் ஒரு பகுதியைச் செக் நாட்டின் ஸ்காலோவா 2010-இல் தனியாகப் பிரித்தார்; இன்று அது செக்ரெட்டரி கார்சினோமா. இ.டி.வி.6, என்.டி.ஆர்.கே.3 மரபணு இணைவு அதன் முத்திரை. அந்த இணைவைத் தாக்கும் லாரோட்ரெக்டினிப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெயர் மாறியதால் மருந்து கிடைத்தவர்கள் உண்டு.

சரி, காத்திருக்கலாமா? சாயச் சோதனைகளுக்குச் சில நாள் முதல் ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் எப்படியும் நடக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்று, சுரப்பிக்கு மட்டும் என்று கேட்காமல் மண்டையோட்டின் அடிப்பகுதியையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். முக நரம்பு வெளியே வரும் துளை வரைக்கும், அதற்கும் உள்ளே காதெலும்புக்குள்ளும் நரம்பு தடித்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அறுவை சிகிச்சை எங்கே நிற்கும் என்று முடிவாகும். நுரையீரலுக்கு சி.டி. கட்டாயம், வசதி இருந்தால் உடல் முழுவதற்கும் பெட் ஸ்கேன். மயக்க மருந்துக்கான இதய, ரத்தப் பரிசோதனைகள். இவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாய முடிவு வந்துவிடும். விரிவான மரபணுப் பரிசோதனைக்காக மட்டும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அதை அகற்றிய கட்டியில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். வாரக்கணக்கு சரி, மாதக்கணக்கு கூடாது.

பிளாக்கை எப்படி வாங்குவது என்று பலர் தயங்குகிறார்கள். பரிசோதனைக்கூட எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், ஸ்லைடுகளோடு தருவார்கள். விரல் நகம் அளவுத் திசுவை வைத்து வார்த்த சிறு மெழுகுக் கட்டிதான் அது. ஒருவேளை தொலைந்தால் திரும்பச் செய்ய முடியாது. வாங்கும்போது ரசீது எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு இளகும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில் தலை, கழுத்து நோய்களை அதிகம் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் இணைந்த மருத்துவமனைகள் தமிழ்நாட்டிலும் உண்டு. எங்கே கொடுத்தாலும் ஸ்லைடை மட்டும் நீட்டாமல் கட்டியின் கதையை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள்: எத்தனை ஆண்டாக, எப்போதிலிருந்து வளர்ச்சி, முகம் கோணியது எப்போது. எங்களுக்கு வரும் கோரிக்கைத் தாளில் பெரும்பாலும் ‘வலது பரோட்டிட் வீக்கம்’ என்று இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. முகம் கோணியிருக்கிறது என்பதை யாராவது எழுதினால்தான் உண்டு.

அறுவை சிகிச்சை நாளில் ஒரு விஷயத்தை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். எடுத்த கட்டியை உடனே, திசு கெடாமல் காக்கும் பத்து சதவீத ஃபார்மலினில், கட்டியைப்போல் பத்து மடங்கு அளவு திரவத்தில், வாயகன்ற பாத்திரத்தில் போட வேண்டும். சலைனில் போட்டு ஓரமாக வைத்த கட்டியிலும், சின்ன பாட்டிலில் திணித்து வந்த கட்டியிலும் ஹெர்2 சரியாகப் பிடிப்பதில்லை. எங்கள் மேசைக்கு வந்ததும் அதை ரொட்டிபோல வரிசையாக அறுப்போம். பெரும்பகுதி சாம்பல் வெள்ளையாக, கத்திக்கு மணல்போல நரநரவென்று இருக்கும். ஏதோ ஒரு மூலையில் நீலம் பாய்ந்த, குருத்தெலும்புபோல் வழவழப்பான ஒரு திட்டோ, கெட்டியான வெள்ளைத் தழும்பு முடிச்சோ அகப்படலாம். அதுதான் பத்து ஆண்டு சும்மா கிடந்த பழைய கட்டியின் மிச்சம். பத்து ஆண்டு வரலாறு தெரிந்தவர் அதைத் தேடுவார். தெரியாதவர் பெரிய கட்டியில் நாலு துண்டு எடுத்து நிறுத்திவிடவும் கூடும்.

அப்பாவிடம் சொல்வதைப் பற்றி. இது உங்கள் குடும்ப விஷயம் என்று ஒதுங்க நினைத்தேன், முடியவில்லை. ஏற்கெனவே செயலிழந்த முக நரம்பை நோயோடு சேர்த்து வெட்ட வேண்டிவரலாம். காலிலிருந்தோ கழுத்திலிருந்தோ ஒரு நரம்பை எடுத்து ஒட்டுவார்கள், கண்ணிமையில் சிறு எடை வைத்து மூட உதவுவார்கள். ஆனாலும் முகம் பழையபடி ஆகாது. அந்தச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர். நாற்பது ஆண்டு கடையில் மனிதர்களின் முகம் பார்த்து வியாபாரம் செய்தவருக்கு உங்கள் முகங்கள் மாறியிருப்பது தெரியாமலா இருக்கும்? மூத்த மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வாரமே சொல்லிவிடுங்கள். புள்ளிவிவரம் வேண்டாம், காதோரக் கட்டி புற்றுநோய், எடுக்க வேண்டும், முகம் இப்படி இருக்கும், பிறகு கதிர்வீச்சு. அவர் கேட்பதற்கு மட்டும் மேற்கொண்டு பதில்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதியும், நாக்கின் அடியில் வருபவற்றில் பெரும்பான்மையும் புற்றுநோயாக இருக்கக்கூடும். அண்ணத்தில் வலியில்லாத சிறு உருண்டையையும் அலட்சியம் செய்யாதீர்கள். சுரப்பி சிறியதாக ஆக ஆகச் சந்தேகம் பெரியது. காதோரத்தில் கட்டி என்றதும் காசநோய் என்று அனுமானித்து, திசுவில் ஆதாரம் இல்லாமல் ஆறு மாத மாத்திரை தொடங்கும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. அப்படித் தொடங்கிய பிறகு கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் ஆறு மாதம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம்.

கடைசியாக வெற்றிலை. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலைதான் முதல் குற்றவாளி. அப்பாவுக்கு வந்திருக்கும் இந்த வகைக்கு அப்படித் தெளிவான தொடர்பு இல்லை, ஆகவே ‘நீங்கள் போட்டதால்தான்’ என்று யாரும் அவரைக் குத்திக்காட்ட வேண்டாம். ஆனால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்: கதிர்வீச்சில் எச்சில் வற்றி, வாய் புண்ணாகும்போது சுண்ணாம்பும் புகையிலையும் படுத்தும் பாடு தாங்காது. கதிர்வீச்சுக்கு முன் ஒரு பல் மருத்துவரையும் பார்த்து, ஆடும் பற்களை எடுத்துவிடட்டும். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாது. குடும்பத்தில் தொடருமா என்றால், வழிவழியாக வரும் நோய் இல்லை இது. உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ தனியாகச் சோதனை எதுவும் தேவையில்லை. சாய முடிவு வந்ததும் இரண்டு ரிப்போர்ட்டுகளோடு அதன் நகலையும் எனக்கு அனுப்புங்கள். ஹெர்2 மதிப்பெண் இரண்டு என்று வந்திருந்தால், ஃபிஷ் சோதனைக்குப் பிளாக் போய்விட்டதா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.